மட்காட் மடிப்பில் விரலை விட்டுப் பார், தங்கச்சி

வரக்காப்பொலைப் பக்கம் கார் வைத்திருந்தால் மழையைத் திட்டாமல் இருக்க முடியாது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு ஊற்றும். ஆனால் தங்கச்சி, மட்காட்டைத் தின்பது மழையை விடச் சேறுதான். கண்டி வீதியில் கொஞ்ச நேரம் ஓடினாலே மழைத்தண்ணி காற்றில் காய்ந்துவிடும். தோட்டத்து மண் ரோட்டில் டயர் வாரியடிக்கும் சேறு அப்படிக் காயாது. சக்கர வளைவின் விளிம்பில் தகரத்தை உள்ளே மடித்திருப்பார்கள். அந்த மடிப்பில் சேறு உட்கார்ந்துகொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கல் பட்டுப் பெயின்ட் போன இடம் அதற்குள் இருந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காரைச் சமதரையில் நிறுத்தி, தடித்த கையுறை போட்டு, அந்த மடிப்பை விரலால் ஒரு சுற்றுத் தடவு. பின் சக்கரத்தைக் கட்டாயம் பார். உள்தகரமும் வெளித்தகரமும் ஒட்டும் இடம் அது. சேறு இருந்தால் முதலில் தண்ணி விட்டு ஊறவை, பழைய டூத் பிரஷால் கிளறு, பிறகு ஹோஸைக் கீழிருந்து மேலே பிடித்து முழுதாகக் கழுவு. அரைகுறையாகக் கழுவுவதை விடக் கழுவாமல் விடலாம். காய்ந்த சேற்றுக்கு நீயே தண்ணி காட்டிய கணக்காகும். நீர்கொழும்புக் கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே கழுவிவிடு. உப்பு துருவை விரைவாக்கும்.

எங்கள் பழைய காரில் பெயின்ட் கொப்புளம் போட்டபோது ஒரு டிங்கர்காரர் துருவுக்கு மேலேயே பட்டி தடவி, பளபளவென்று பெயின்ட் அடித்துத் தந்தார். அடுத்த தீபாவளிக்குள் அதே கொப்புளம், முன்னைவிடப் பெரிசாக. கொப்புளத்தைக் கண்டால் கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் மிஞ்சும் துருவுக்குத்தான் ரஸ்ட் கொன்வேர்ட்டர். அதில் ஒரு வகையில் டானிக் அமிலம் இருக்கும், துருவைக் கறுப்பாக்கிவிடும். இரும்புக் கத்தியால் வாழைப்பூ நறுக்கினால் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே சங்கதி. காய்ந்த பிறகு பிரைமர், பெயின்ட், கடைசியில் கல்லடி தாங்கும் அண்டர்கோட். துருவுக்கு மேல் அண்டர்கோட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி வெல்டிங் செய்வதுதான் வழி.

கழிவு ஒயிலை அடியில் விசிறச் சொல்பவர்கள் உண்டு. இறப்பர் தோட்டத்துப் பிள்ளை நீ. ஒயில் பட்டால் இறப்பர் ஊதிக் கெடும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? சக்கரத்துப் பக்கம் புஷ்ஷெல்லாம் இறப்பர்தான். பால் உறையப் போடும் போர்மிக் அமிலக் கலனையும் டிக்கியில் ஏற்றாதே. பல கார்களில் டிக்கியின் பக்கச்சுவரே பின் சக்கர வளைவின் உட்புறம். சிந்தினால் தகரம் போச்சு.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோ தலைக்கு மேல். நம்மைப் போன்றவர்களுக்குப் பழைய கார்தான். வாங்கப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டு போ. வளைவைச் சுற்றி வைத்துப் பார்; ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, பட்டி.