கிரகித்தல்: எழுத்துக்கூட்டல் போட்டியின் தோற்றம்

மாணவர்களே, பின்வரும் பகுதியை இருமுறை வாசித்து, கீழே தரப்பட்டுள்ள வினாக்களுக்கு விடை எழுதுக.

ஆங்கிலத்தில் ‘நைஃப்’ என்று சொல்கிறோம். எழுதும்போதோ ஒலிக்காத ‘கே’ முன்னால் வந்து நிற்கிறது. ஒலி ஒன்று, எழுத்து இன்னொன்று என்னும் இந்தத் தொல்லையே எழுத்துக்கூட்டல் போட்டிக்கு வித்திட்டது. 1783இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்ரர் எழுத்துக்கூட்டற் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நீல அட்டை போட்ட அந்நூல் 19ஆம் நூற்றாண்டில் வகுப்பறைகளெங்கும் பரவியது. ஆசிரியர் சொல்லைக் கூற, மாணவர் எழுத்தெழுத்தாக ஒப்புவிப்பர். பிழைவிட்டவர் உட்கார வேண்டும். கடைசிவரை நிற்பவரே வெற்றியாளர்.

காலப்போக்கில் இது ஊர்ப் பொழுதுபோக்காயிற்று. மாலை வேளைகளில் பெரியவர்களும் போட்டியிட்டனர். எட்வேர்ட் எக்கிள்ஸ்ரன் 1871இல் எழுதிய நாவலொன்றில் இப்போட்டி இடம்பெற்றது. 1875 அளவில் நகரங்களிலும் இம்மோகம் பரவியிருந்தது. ‘ஸ்பெலிங் பீ’ என்ற பெயரும் அக்காலத்தில்தான் பரவலாயிற்று. இங்கே ‘பீ’ என்பது தேனீ அன்று. அயலவர் கூடி ஒரு வேலையைச் செய்வதை, நமது சிரமதானம் போன்றதை, அவர்கள் அவ்வாறு அழைத்தனர். வட அமெரிக்கத் தமிழர் தமது சொற்போட்டிக்குத் ‘தமிழ்த் தேனீ’ எனப் பெயரிட்டிருப்பது பொருளால் சற்று விலகினாலும் கேட்க நன்றாகவே இருக்கிறது.

1908இல் கிளீவ்லாந்து நகரில் பல நகரங்களின் மாணவர் அணிகள் மோதின. கிளீவ்லாந்து அணியில் மேரி போல்டன் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுமி இருந்தாள். வெள்ளையின மாணவரைக் கொண்ட நியூ ஓர்லியன்ஸ் அணியினர் அவள் பங்குபற்றுவதை எதிர்த்தனர். அவள் விலகவில்லை. ஒரு பிழையும் விடாமல் எழுதியும் சொல்லியும் முதலிடம் பெற்றாள். அவளது அணியும் வென்றது.

இன்று நடைபெறும் தேசியப் போட்டி 1925இல் வாஷிங்டனில் 9 இறுதிப் போட்டியாளருடன் ஆரம்பமானது. அதில் முதன்முதலாக ஓர் ஆபிரிக்க அமெரிக்கர் வென்றது 2021இல்தான். சைலா அவன்ட்-கார்ட் என்ற அச்சிறுமிக்குக் கிடைத்த இறுதிச் சொல் ‘முரயா’. நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த தாவரவியற் பெயரின் முதற்பகுதி அது!

தமிழில் பெரும்பாலும் ஒலிப்பது போலவே எழுதுகிறோம். ஆயினும் பரீட்சை விடைத்தாள்களில் ரகர றகரம் மாறிப் புள்ளிகள் பறிபோவதுண்டு. ‘பரவை’ கடல், ‘பறவை’ புள். முகத்துவாரக் கடற்கரையில் நின்றால் இரண்டையும் காணலாம்.

வினாக்கள்

1. எழுத்துக்கூட்டல் போட்டி தோன்றக் காரணமான மொழியியல்பு யாது?
2. ‘பீ’ என்ற சொல் இங்கு எப்பொருளில் வந்துள்ளது?
3. மேரி போல்டன் எதிர்கொண்ட தடை யாது? அவள் அதற்கு எவ்வாறு பதிலளித்தாள்?
4. பொருள் வேறுபாடு தோன்ற வாக்கியம் அமைக்குக: அரை – அறை, மனம் – மணம், அலகு – அழகு.