தலை வந்த பின் தோள் சிக்கினால்: குடும்பத்தார் அறிய வேண்டியவை



பிரசவ அறையிலிருந்து "தலை வந்துவிட்டது" என்ற செய்தி வந்ததும் வெளியே காத்திருக்கும் நாம் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடுகிறோம். பெரும்பாலும் அடுத்த வலியில் உடலும் வந்துவிடும். சில நேரம் அப்படி வருவதில்லை. குழந்தையின் ஒரு தோள், தாயின் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கமுள்ள எலும்பின் பின்னால் மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த தலை, ஆமை ஓட்டுக்குள் இழுப்பதுபோல் சற்றுப் பின்வாங்கும். மருத்துவர்கள் இதை 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்கிறார்கள். ஏறத்தாழ நூறு முதல் இருநூறு சுகப்பிரசவங்களில் ஒன்றில் இது நேரும்.

இந்த நிலையில் தொப்புள்கொடி நசுங்கலாம், குழந்தையால் மூச்சும் விட முடியாது. ஐந்து நிமிடங்களுக்குள் உடல் வெளியே வந்துவிட்டால் மூளைக்குப் பாதிப்பு வருவது அரிது. எனவே அந்த ஐந்து நிமிடங்களில் தாயின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

அறைக்குள் என்ன செய்வார்கள்?

பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ முதலில் உதவிக்கு ஆட்களைக் கூப்பிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வார். தாயை முக்க வேண்டாம் என்பார். தாயை மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு பேர் இரு கால்களையும் மடக்கி, தொடைகள் வயிற்றில் படும்படி பிடிப்பார்கள். அமெரிக்க மருத்துவர் மெக்ராபர்ட்ஸ் பெயரால் அழைக்கப்படும் முறை இது. இடுப்பின் கோணம் மாறுவதால் சிக்கிய தோளுக்கு வழி கிடைக்கும். பெரும்பாலான குழந்தைகள் இதிலேயே வந்துவிடும்.

இதோடு சேர்த்து, ஒருவர் முன்னெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையால் அழுத்தித் தோளைச் சரிப்பார். அதிலும் வராவிட்டால் கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்புவார்கள், அல்லது பின்பக்கத்துக் கையை முதலில் வெளியே எடுப்பார்கள். தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்கவைப்பதும் ஒரு முறை. குவாத்தமாலா நாட்டில் தோன்றிய இந்த முறையை இனா மே காஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவச்சி கற்றுப் பரப்பினார்.

செய்யக்கூடாதவை இரண்டு. தலையைப் பிடித்து இழுக்கக்கூடாது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுபடலாம். மேல்வயிற்றை அமுக்கித் தள்ளக்கூடாது. தோள் இன்னும் இறுகும், கர்ப்பப்பை கிழியவும் கூடும். "இழுங்கள், அமுக்குங்கள்" என்று உடனிருப்பவர்கள் அவசரப்படுத்த வேண்டாம். அந்த நேரத்தில் அறைக்குள் நான்கைந்து பேர் ஓடி வருவார்கள். அவர்களில் ஆண் மருத்துவரும் இருக்கலாம். அதைத் தடுக்கும் நேரம் அதுவல்ல. உயிர் காப்பதற்கே முதலிடம்.

முன்கூட்டியே தெரியுமா?

உறுதியாகத் தெரியாது. இந்தச் சிக்கல் நேரும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நான்கு கிலோவுக்கும் குறைவான எடை உள்ளவர்கள். ஸ்கேனில் சொல்லும் எடையும் முன்பின் இருக்கும். ஆனாலும் கர்ப்பகாலச் சர்க்கரை, தாயின் அதிக எடை, பெரிய குழந்தை, முந்தைய பிரசவத்தில் இதே சிக்கல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

இவற்றில் நம் கையில் இருப்பது சர்க்கரை. தாயின் இரத்தத்தில் கூடும் சர்க்கரை குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் உடல் அதற்கு ஈடாக இன்சுலினை அதிகம் சுரக்கிறது. அதனால் தோளிலும் உடலிலும் கொழுப்பு சேர்ந்து, தலையைவிடத் தோள் அகன்றுவிடுகிறது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று பாசத்தோடு இனிப்பை ஊட்டும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்கான எளிய பரிசோதனை நம் தமிழ்நாட்டில் வளர்ந்தது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும். ரமலான் வந்துவிட்டது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருக்கிறது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை

1. பிரசவத்தை வீட்டில் பார்க்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களும் பெரிய குழந்தை என்று சொல்லப்பட்டவர்களும், சிசேரியன் வசதியும் குழந்தை மருத்துவரும் உள்ள மருத்துவமனையை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். திருத்தணி அரசு மருத்துவமனையில் காட்டுபவர்கள், தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. நம் பெண்கள் பலர் தலைப்பிரசவத்துக்கு நகரி, புத்தூர் பக்கம் தாய் வீட்டுக்குப் போகிறார்கள். அட்டை, சர்க்கரை ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். எல்லை தாண்டினாலும் ஆம்புலன்ஸுக்கு 108 தான்.

3. ஆடிக் கிருத்திகை நாட்களில் மலையைச் சுற்றிய சாலைகள் நிரம்பிவிடும். அப்போது நாள் நெருங்கியவர்கள் முன்னதாகவே சேர்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

4. முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியிருந்தால் கேட்கும்வரை காத்திராமல் முதல் செக்கப்பிலேயே சொல்லுங்கள்.

பிறந்த பிறகு

தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாகலாம், கவனிப்பு தேவை. குழந்தையின் இரு கைகளும் ஒரேபோல் அசைகின்றனவா என்று பாருங்கள். தோள் எலும்பு முறிந்திருந்தால் சில வாரங்களில் கூடிவிடும். கை துவண்டிருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். கைவைத்தியம், எண்ணெய் நீவல் என்று நாளைக் கடத்தாமல் டாக்டர் சொல்லும் பயிற்சியைத் தொடங்குங்கள். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஒன்று. "நீ சரியாக முக்கவில்லை" என்று பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள். எலும்பில் மாட்டிய தோளை முக்கி எடுக்க யாராலும் முடியாது. பரிசோதனைக்கு அழைத்துப்போவதும், நல்ல இடத்தில் சேர்ப்பதும், பின்னர் ஆறுதலாக நிற்பதும் கணவரும் குடும்பமும் செய்ய வேண்டிய கடமை. அதைச் செய்துவிட்டு துஆவும் செய்வோம். நம் தாய்மார்களையும் குழந்தைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.