பி.டி.எம்.எஸ். மென்பொருள் பிழை காட்டுகிறதா?

சேரன்மகாதேவியில் பொறியியல் முடித்து பைப்பிங் டிசைன் பழகும் பிள்ளைகளுக்கு:

1. பிழை வந்த வேகத்தில் 'ஓகே' தட்டாதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்மினுக்கு அதுதான் துப்பு.

2. டேட்டா கன்சிஸ்டென்சி பட்டியல் நீளமா? பிராஞ்சின் ஹெட்டிலிருந்து டெயில் நோக்கித் திருத்துங்கள். ஒரு ஃபிளாஞ்ச் திரும்பி நின்றாலே அடுத்தடுத்த உருப்படிகளும் பிழை காட்டும். அதைச் சரிசெய்து மறுபடி சோதித்தால் பாதி தானே மறையும். மீதியை வரிவரியாகப் பாருங்கள். பொறுமை வேண்டும்!

3. இன்னொருவர் கிளெய்ம் செய்த உருப்படியா? அவரை சேவ்வொர்க், அன்கிளெய்ம் செய்யச் சொல்லிவிட்டு கெட்வொர்க் கொடுங்கள். இல்லையேல் திரையில் பழைய மாடலே நிற்கும்.

4. கரண்ட் போய் அறுந்த செஷன் உங்கள் பெயரிலேயே கிளெய்மைப் பிடித்திருக்கும். அட்மினிடம் சொல்லி அந்த செஷனை எக்ஸ்பஞ்ச் செய்யச் (நீக்கச்) சொல்லுங்கள். ஆனால் தவறுதலாக உயிரோடிருக்கும் செஷனில் கைவைத்தால் சேமிக்காத வேலை போய்விடும்.