உரசினால் தோட்டாவின் வீரியம் போகுமா?

அனகாபுத்தூரைக் கடக்கும் அடையாறு, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து மணப்பாக்கம் வழியாக நந்தம்பாக்கம் நோக்கிப் போகிறது. அந்தப் பக்கத்தில்தான் எம்.ஜி.ஆர் வாழ்ந்த ராமாவரம் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று மாலை அங்கே நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், பாதிப்பேர் தர்மம் தலைகாத்தது என்பார்கள். மீதிப்பேர் சொல்வது தோட்டாவின் கதை. ராதா 1950-இல் வாங்கிய தோட்டாக்களாம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அலுமினிய டப்பாவில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருந்தாராம். அவை ஒன்றோடொன்று உருண்டு உரசி வீரியம் இழந்துவிட்டனவாம்.

இந்த விளக்கம் அச்சிலும் பலமுறை வந்துவிட்டது. அதில் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. ஆனால் ஊர் அதைப் புரிந்துகொண்டிருக்கும் விதம் தவறு.

தோட்டாவின் சக்தி அதன் மேற்பரப்பில் இல்லை. பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்ட மருந்தில் இருக்கிறது. வெளியே எவ்வளவு உரசினாலும் அந்த மருந்து குறையாது. தயாரான தோட்டாக்களை உருளையில் போட்டு உருட்டி மெருகேற்றும் ஆலைகள் உண்டு. ராணுவத் தோட்டாக்கள் லாரியிலும் கப்பலிலும் மாதக்கணக்கில் குலுங்கிப் போய்த்தான் சேர்கின்றன. உரசலே வீரியத்தைக் கொல்லும் என்றால் எந்தப் படையும் அவற்றை நம்பிக் களத்தில் இறங்க முடியாது.

அப்படியானால் அந்த உண்மைத் துணுக்கு எது? கூட்டின் வாய் குண்டை இறுகக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். புகையில்லா மருந்து, அழுத்தம் ஏற ஏறத்தான் வேகமாக எரியும். கவ்வல் தளர்ந்திருந்தால், அழுத்தம் கூடுமுன்பே குண்டு நகர்ந்துவிடும். மருந்து முழுதாக எரியாது, வேகம் குறையும். கவனமில்லாமல் வைத்திருந்த தோட்டாவில் கவ்வல் தளரலாம், ஈரம் புகலாம், எண்ணெய் கசிந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் கெடுக்கலாம். மருந்தின் வேதிப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தி தீர்ந்தபின் சிதைவு இன்னும் வேகம் பிடிக்கும். நம் ஊர் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் இதற்கெல்லாம் வசதியான கூட்டாளிகள். ஆனால் உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்த தோட்டா ஐம்பது ஆண்டு கழித்தும் புதிது போலவே வெடிக்கும். ஆகவே வயதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

எனக்குக் கவலை தருவது, இந்தக் கதையிலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட முடிவுதான். ‘பழைய தோட்டாதானே, ஒன்றும் செய்யாது’ என்கிறார்கள். அந்தப் பழைய தோட்டாதான் எம்.ஜி.ஆரின் கழுத்தில் தங்கியது. இடது காதின் கேட்கும் திறனைப் பறித்தது, குரலை நிரந்தரமாக மாற்றியது. அடுத்த மாதத் தேர்தலில் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஆனால் அந்தப் பழைய குரல் திரும்பவே இல்லை.

சுடுகிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வீரியம் குன்றிய தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், பிளக்கவும் செய்யும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் ஒன்று உண்டு: பழைய மேக்னம் தோட்டாதான் நிஜ மேக்னம், இப்போது வருவதெல்லாம் தண்ணீர். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு .357 மேக்னம் வந்தபோது நொடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர் வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். இன்று அதே 158 கிரெய்ன் எடைக் குண்டுக்கு நிறுவனங்கள் தரும் கணக்கு சுமார் 375 மீட்டர். எண்ணைப் பார்த்தால் பழையதே உசத்தி என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பழைய எண், 8¾ அங்குல நீளக் குழலுக்கு உரியது. இன்றைய எண் 4 அங்குலக் குழலில், உருளைக்கும் குழலுக்கும் நடுவே வாயு கசியும் இடைவெளியையும் சேர்த்து அளந்தது. பழைய தோட்டாவில் மருந்தின் வீரியம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வித்தியாசத்தில் பெரும்பங்கு குழலின் நீளத்தைச் சேர்ந்தது.

மேக்னத்தின் கூடு, அதற்கு முந்தைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டைவிட 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டிருப்பதற்கும் இதுபோல ஒரு தவறான காரணம் சொல்வார்கள். கூடுதல் மருந்துக்கு இடம் வேண்டும் என்று நீட்டியதல்ல அது. பலம் குறைந்த பழைய .38 ரிவால்வருக்குள் மேக்னம் தோட்டா நுழையவே கூடாது என்பதற்காக நீட்டியது.

அமெரிக்காவில் வீட்டு மேசையில் வைத்துத் தோட்டாவுக்குத் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்கிறார்களே, உரிமம் இருந்தால் நாமும் செய்யலாமே என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் உரிமம் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தயாரிப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அந்த உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனைவரை போகலாம். மருந்து கூடினால் வேகம் கூடும் என்ற எளிய கணக்கும் இங்கே செல்லாது. மருந்தைச் சற்றே கூட்டினாலும் அழுத்தம் அதைவிட வேகமாக ஏறிவிடும். அதைத் துப்பாக்கி தாங்காமல் போகலாம்.

பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் என்று நம்மைச் சுற்றி ராணுவமும் விமானப்படையும் தலைமுறைகளாக இருக்கின்றன. ஓய்வுபெற்ற தாத்தாவின் பெட்டியைத் திறக்கும்போது பச்சை பூத்த தோட்டா ஒன்று கைக்கு வரலாம். அதைத் தட்டிப் பார்க்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், பழைய பித்தளையோடு சேர்த்துக் காயலான் கடைக்கும் போட வேண்டாம். நெருப்பில் விழுந்தால் குண்டு பெரிதாகப் பாயாது, ஆனால் கூடு வெடித்துச் சிதறும் பித்தளைத் துண்டு கண்ணைப் பறிக்கப் போதும். உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதால் தாமதிக்கவும் கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். சட்டத்தின் 21-ஆவது பிரிவு, இப்படிப்பட்டவற்றை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வழி செய்திருக்கிறது.