பழைய லாரி வாங்குமுன் அடிச்சட்டத்தைப் பாருங்கள்

சொந்த லாரி வைத்துத் தொழில் புரிய விரும்புவோரில் பலர் முதலில் நாடுவது பழைய வண்டியையே. அதிலும் அடிச்சட்டத்தில் துரு ஏறிய வண்டியானால், சந்தை விலையினும் ஓரிரு லட்சம் குறைத்துத் தர விற்பவர் முன்வருவார். “துருதானே, சுரண்டிப் பெயின்ட் அடித்தால் போயிற்று” என்பார் தரகர். வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் திரட்டும் ஒருவருக்கு அச்சொல் இனிக்கும். அந்த விலைக் குறைவு உண்மையில் ஆதாயந்தானா என்பதை முடிவு செய்யும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

அடிச்சட்டம் ஏன் முதன்மையானது?

லாரியின் எஞ்சினைப் பிரித்துச் சீராக்கலாம். கியர் பெட்டியை மாற்றலாம். டயரும் பாடியும் புதிதாகப் போடலாம். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. இரு நீளச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போல் அமைந்த அதுவே வண்டியின் முதுகெலும்பு. பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் அதன்மீதுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. எனவே, சட்டத்தின் கண்ணுக்கு அடிச்சட்டமே வண்டி. தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

வண்டி எத்தனை ஆண்டு ஓடியது என்பதைவிட, எங்கே, எதை ஏற்றி ஓடியது என்பது முக்கியம். கட்ச் பகுதியின் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிய வண்டி, வேராவல், மங்களூர் போன்ற துறைமுகங்களிலிருந்து பனிக்கட்டியுடன் மீன் ஏற்றிய வண்டி, உரமூட்டை சுமந்த வண்டி ஆகியவற்றின் அடிச்சட்டத்தில் உப்பு நீரும் இரசாயனமும் வழிந்து தேங்கியிருக்கும். உள்நாட்டில் ஓடிய பத்தாண்டு வண்டியினும் இத்தகைய ஐந்தாண்டு வண்டி மோசமாக இருத்தல் கூடும்.

மேற்பரப்பில் படியும் செந்நிறத் துரு அஞ்சத்தக்கதன்று. செதில் செதிலாக உரிவதும், உரித்த இடத்தில் குழிகள் தென்படுவதும் அடுத்த நிலை. அக்குழிகளிலிருந்தே விரிசல் தொடங்கும். பாடிக்கும் சட்டத்திற்கும் இடையே வைத்த மரக்கட்டையின் அடிப்புறம், ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றிய பகுதி, குறுக்குச் சட்டம் சேரும் மூலை, இரட்டைத் தகடு வைத்த இடம் ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். இரு தகடுகளுக்கிடையே உருவாகும் துரு, தான் அரித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளைப் பிளந்து ரிவெட்டுகளையே இழுத்துவிடும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

வண்டியைக் குழிமேல் நிறுத்தி, நீங்கள் அழைத்துச் செல்லும் மெக்கானிக்கைக் கொண்டு சோதியுங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூரிய கருவியால் குத்திப் பார்க்கலாம். தகட்டின் தடிமனை மீயொலியால் அளக்கும் சிறு கருவியும் உண்டு. அதே சட்டத்தின் நல்ல பகுதி 7 மில்லிமீட்டரும் துருப்பிடித்த பகுதி 5.5 மில்லிமீட்டரும் காட்டினால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு போய்விட்டது என்று பொருள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். வண்டியின் மற்றப் பகுதிகள் பழையனவாயிருக்க, அடிச்சட்டம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னினால் கூடுதலாக ஐயுறுங்கள்.

“எஃப்.சி. எடுத்தாயிற்று” என்பதை மட்டும் நம்பலாகாது. சரக்கு வண்டிகளுக்கு எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சென்ற சோதனையன்று வண்டி எப்படி இருந்தது என்பதையே அச்சான்று கூறும்.

ஆவணங்களின் ஆயுள்

இரும்பைப் போலவே ஆவணத்திற்கும் ஆயுள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 88-ஆம் விதிப்படி, 12 ஆண்டைக் கடந்த வண்டிக்கும், பல அச்சு வண்டியாயின் 15 ஆண்டைக் கடந்ததற்கும் தேசிய அனுமதி வழங்கப்படுவதில்லை. வெளிமாநிலச் சரக்கை நம்பி வாங்குவோர், எஞ்சிய ஆண்டுகளை இதைக்கொண்டே எண்ண வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றில் இருந்தால், அந்நிறுவனத்தின் ஒப்புதலுடன் 35-ஆம் படிவம் பெற்று அதனை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்களும், வேறு மாநில வண்டியாயின் தடையில்லாச் சான்றும் தேவை. நிலுவை வரியையும் அபராதங்களையும் முன்னரே பார்த்துவிடுங்கள்.

ஒரு கணக்கு

கீழ்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் ஊர் நிலவரப்படி இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

எட்டாண்டு ஓடிய, இரண்டு அச்சுள்ள இரு லாரிகள் விலைக்கு வருகின்றன. இரண்டுக்கும் தேசிய அனுமதிக்கு எஞ்சியது நான்காண்டு.

முதல் வண்டி துருப்பிடித்தது. விலை 6,00,000 ரூபாய். அடிச்சட்ட வேலை 1,50,000. டயர், பிரேக் 80,000. பெயர் மாற்றம், வரி, காப்பீடு 60,000. வேலை முடிய 40 நாள் நிற்பதால், நாளொன்றுக்கு 1,500 வீதம் இழக்கும் வருவாய் 60,000. மொத்தம் 9,50,000. நான்காண்டு கழித்து 2,50,000-க்கு விற்றால் நிகரச் செலவு 7,00,000, ஆண்டுக்கு 1,75,000.

இரண்டாம் வண்டியின் சட்டம் நல்ல நிலையில் உள்ளது. விலை 8,50,000. டயர், பிரேக் 80,000, மற்றவை 60,000, சில நாள் நிற்பதால் இழப்பு 10,000. மொத்தம் 10,00,000. பின்னர் 4,00,000-க்கு விற்றால் நிகரச் செலவு 6,00,000, ஆண்டுக்கு 1,50,000.

விலையில் இரண்டரை லட்சம் மலிவான வண்டி, ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூடுதலாக விழுங்குகிறது. பாடியைத் தூக்கிய பின்னரே முழுச் சேதமும் தெரியும். அப்போது மேலும் ஒரு லட்சம் தேவைப்பட்டால், அவ்வேற்றத்தாழ்வு 50,000 ஆகிவிடும். ஆகவே முதல் வண்டிக்கு நியாயமான உச்ச விலை 5,00,000. எதிர்பாரா வேலைக்கும் இடம் வைத்தால் 4,00,000. பேரத்திற்கு அமருமுன் இந்த உச்ச விலையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். கடன் தொகை பொதுவாக மதிப்பீட்டாளர் கூறும் மதிப்பையொட்டியே அமையும். பழுது பார்க்கும் செலவு பெரும்பாலும் கைப்பணத்திலிருந்தே போகும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களிலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாண்டைக் கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகையே. பழுதுக்குச் செலவிட்ட பணம் முழுவதும் அதில் ஏறும் என எதிர்பார்க்க இயலாது.

எப்போது வாங்கலாம், எப்போது கூடாது?

துரு மேற்பரப்போடு நின்று, தகட்டின் தடிமன் குறையாதிருந்தால், சுரண்டித் துத்தநாகம் கலந்த பூச்சு அடித்து வாங்கலாம். ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் அரித்திருந்தால், அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

நீளச் சட்டத்தில் ஓட்டை, ஸ்பிரிங் தாங்கியருகில் விரிசல், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்தில் அரிப்பு, படிக்க முடியாத சேஸிஸ் எண் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் எவ்விலைக்கும் வேண்டா. நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் கண்டபடி பற்றவைத்த வண்டியையும் விலக்குக; பற்றவைப்பின் ஓரத்திலேயே புதிய விரிசல் தோன்றும். அத்தகைய வண்டி செல்ல வேண்டிய இடம், பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையம். அங்கு கிடைக்கும் ஒப்படைப்புச் சான்றைக் கொண்டு புதிய வண்டிக்குச் சலுகை பெற வாய்ப்புண்டு. அது அவ்வண்டியின் உரிமையாளர் செய்ய வேண்டிய கணக்கு.

பாரத்தோடு இறக்கத்தில் வரும் லாரியின் சட்டம் முறிந்தால், போவது முதலீடு மட்டுமன்று. ஓட்டுநரின் உயிரும் எதிரே வருவோரின் உயிரும் அதனுள் அடக்கம். கணக்கு சாதகமாக வந்தாலும், அந்த வண்டியில் உங்கள் மகனை ஓட்டுநராக அமர்த்துவீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் எழுந்தால் வேறு வண்டி பாருங்கள். மெக்கானிக்கின் அறிக்கையையும் உங்கள் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக் கிளைக்கு வாருங்கள். கொடுத்த பின் வந்தால் எங்களால் கூற இயலும் ஆலோசனை மிகக் குறைவு.