பள்ளி ஹாக்கி கோச் வேலை: மூன்று வருடத்தைத் தாண்டுவது எப்படி?

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் வந்தன, ஜெர்மனி கோப்பையைத் தூக்கியது, இந்தியாவுக்கு வெண்கலம். இப்படி ஒரு போட்டி நடந்த கையோடு சில பள்ளி நிர்வாகங்களுக்கு ஹாக்கி ஆசை வரும். இருபது ஸ்டிக் வாங்குவார்கள், அப்புறம் கோச் தேடுவார்கள். முன்னாள் வீரர்களுக்கும் பி.பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையன்களுக்கும் போன் வரும். அந்தப் போனுக்குச் ‘சரி சார்’ சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கலான முடிவு. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள், வல்லூர் அனல் மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று சுற்றிலும் கான்ட்ராக்ட் வேலை. ஓ.டி. பார்த்தால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்கும். கிரவுண்டில் நின்றால் நிற்குமா? நிற்கும், எந்த நாற்காலியில் உட்கார்கிறோம் என்று பார்த்து உட்கார்ந்தால். எந்த அணி, எந்தக் கோப்பை என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் ஹாக்கி கோச் என்று தனிப் பணியிடம் கிடையாது. இருப்பது உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர். ஹாக்கி தெரிந்த பி.டி. சார் வந்தால் அந்தப் பள்ளியில் ஹாக்கி இருக்கும். பணியிட மாறுதல் கலந்தாய்வில் அவர் சொந்த ஊருக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஸ்டிக்கெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போகும். அவர் வேலை பத்திரம், அணிக்குத்தான் ஆயுசு கம்மி.

பகுதிநேர ஆசிரியர்கள் கதை நேர் எதிர். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விப் பாடங்களுக்கு 16,549 பேரை வாரத்தில் மூன்று அரை நாள் கணக்கில் எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். 2021-ல் 10,000 ஆனது, 2023-ல் அறிவித்த உயர்வோடு 12,500. மே மாதச் சம்பளம் அவர்களுடைய நெடுநாள் கோரிக்கையாக இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே வேலையில் நிலைத்திருக்கிறார்கள், ஆனால் வேலை அவர்களோடு சேர்ந்து வளரவில்லை. நீண்ட காலம் இருப்பதை மட்டும் வைத்து ஒரு வேலையை நல்ல வேலை என்று எடை போட்டுவிடாதீர்கள்.

மாவட்ட கேலோ இந்தியா மையங்களில் முன்னாள் வீரர்களைப் பயிற்சியாளராக எடுப்பதுண்டு. மாதம் 25,000 வரை, ஒப்பந்த அடிப்படை. கேந்திரிய வித்யாலயாக்கள் வருடா வருடம் நேர்காணல் வைத்து ஒப்பந்தத்தில் விளையாட்டுப் பயிற்சியாளர் எடுக்கின்றன. தனியார் பள்ளி என்றால் கரஸ்பாண்டென்ட் சொல்வதுதான் சம்பளம்.

சரி, கோச்கள் ஏன் போகிறார்கள்? தோற்றதால் வெளியேறிய பள்ளி கோச்கள் குறைவு. பெரும்பாலானவர்களைத் துரத்துவது மாலை ஐந்து மணி.

ஒரு தனியார் பள்ளி கோச்சின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டேகாலுக்கு பிரேயர், லேட்டாக வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்துவது, தலைமுடி வெட்டாதவனைப் பிடிப்பது. நடுவில் ஆசிரியர் வராத வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷன். விளையாட்டு விழா நெருங்கினால் மார்ச் பாஸ்ட். மாலையில் பஸ் டியூட்டி முடிந்து கிரவுண்டுக்கு வரும்போது மணி ஐந்து. பத்தாம் வகுப்புப் பையன்கள் ஸ்பெஷல் கிளாஸில் இருப்பார்கள். அரையாண்டு முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பு ஆட்களையும் மறந்துவிட வேண்டியதுதான். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பந்தை உருட்டினால், மழைக்குப் பிறகு மேலே வந்த சரளைக்கல்லில் பட்டுப் பந்து எகிறி முழங்காலில் அடிக்கும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கு இருட்டிவிடும். ஆக, உண்மையான பயிற்சி முக்கால் மணி நேரம். குறுவட்டப் போட்டியில் ஐந்து கோல் வாங்கிவிட்டு வந்தால், ‘என்ன சார், சம்பளம் கொடுக்கிறோமே’ என்று மேலே இருந்து ஒரு கேள்வி வரும். இரண்டாவது வருடமே அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

உயரத்தில் இருப்பவர்களுக்கும் நாற்காலி நிரந்தரமில்லை. இந்திய ஆண்கள் அணிக்கு 2009 முதல் 2019 வரை பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரீனே, ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட் என்று எட்டுப் பேர் மாறினார்கள். பால் வான் ஆஸ் 2015 ஜனவரியில் வந்து ஜூலையிலேயே போய்விட்டார். அந்த வரிசையில் கடைசியாக வந்த ரீடைக் கிட்டத்தட்ட நாலு வருடம் விட்டுவைத்தார்கள். 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் அவர் காலத்தில்தான் வந்தது. அந்தப் பதக்கம் முழுக்க அவர் ஒருவர் நிலைத்திருந்ததால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் யாராலும் ஒரு பெனால்டி கார்னர் முறையைக்கூட அணிக்குப் பழக்க முடியாது.

நீடித்தவர்கள் எப்படி நீடித்தார்கள் என்று பார்க்க ஹரியானாவின் ஷாகாபாத் மார்க்கண்டாவுக்குப் போகலாம். சின்ன ஊர். அங்கே பல்தேவ் சிங் என்ற கோச்சிடம் பள்ளி வயதில் ஸ்டிக் பிடித்தவர்கள் ராணி ராம்பால், நவ்நீத் கவுர், நவ்ஜோத் கவுர். மூவருமே டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் ஆடினார்கள், ராணி கேப்டன். பல்தேவ் சிங்குக்கு 2009-ல் துரோணாச்சாரியா விருது. அவர் திறமையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நம் கணக்குக்கு முக்கியமானது வேறு: அவர் மாநில விளையாட்டுத் துறையின் பயிற்சியாளராக இருந்தார். ஒரு தலைமையாசிரியர் மாறினால் ஆட்டம் காணும் நாற்காலி இல்லை அது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் சார்ல்ஸ் பள்ளியில் பில் பெலிஸ்ல் 1975 முதல் 2019 வரை ஐஸ் ஹாக்கி கோச். 1978 முதல் 2003 வரை தொடர்ந்து 26 மாநிலப் பட்டங்கள். பட்டங்களை விடுங்கள். அந்தப் பள்ளியின் பனித்தளத்தையும் அவரே பார்த்துக்கொண்டார், மகனையும் உடன் கோச்சாக வைத்துக்கொண்டார். மைதானம் யார் பொறுப்பிலோ அவரை எளிதில் அனுப்ப முடியாது. நம் ஊர் மொழியில் சொன்னால், ஸ்டோர் ரூம் சாவியையும் கிரவுண்டுப் பொறுப்பையும் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

நம் மாநிலத்தில் கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரில் ஹாக்கி கிளப்புகளும் அதே அளவுக்குப் பிரபலம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிச் சிறப்பு மையமும் அங்கேதான். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் அந்த மையத்தில் பயிற்சி பெற்றவர்கள். அந்த மாதிரி ஊரில் ஒரு பள்ளி கோச் போனாலும் கிளப் அண்ணன்கள் பையன்களைப் பார்த்துக்கொள்வார்கள். மீஞ்சூர் பக்கம் அந்தப் பின்பலம் இல்லை. இங்கே கிரவுண்டு என்றாலே கிரிக்கெட், கபடி, வாலிபால்தான். அதனால் இங்கே ஹாக்கி தொடங்குகிறவர் அணியை மட்டும் இல்லை, தன்னைச் சுற்றி நாலு பேரையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்.

தொடக்கம் ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கட்டும். பிளஸ் ஒன் பையன்களை வைத்து உடனே ஜெயிக்க நினைத்தால் ஒன்றரை வருடத்தில் அணி காலி. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கையில் இருந்தால் உங்களை அனுப்பும் முன் நிர்வாகமும் யோசிக்கும், பெற்றோரும் கேள்வி கேட்பார்கள். இடம் போதாத பள்ளியா, ஐந்து பேர் ஆடும் ஹாக்கியில் ஆரம்பியுங்கள். முழு மைதானத்துக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும், எத்தனை பள்ளியில் இருக்கிறது? 2024-ல் ஐவர் ஹாக்கிக்கு உலகக் கோப்பையே நடந்தது, நம் பெண்கள் அணி வெள்ளி வாங்கியது. கரஸ்பாண்டென்ட்டிடம் சொல்லிக்காட்ட அது போதும். ஸ்டிக்கை விட கோல்கீப்பர் கிட்டுக்கு முதலில் பணம் கேளுங்கள். பேடும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஒரு குழந்தையைக் கோலில் நிறுத்தி, பல்லில் அடிபட்டால் அன்றோடு ஹாக்கி முடிந்தது.

டர்ஃபைப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் பக்கம்தான். லீக் ஆட்டங்கள் நடக்கும் நாளில் கூட்டிப் போங்கள். அங்கே ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, ஐ.ஓ.பி. மாதிரி அணிகளில் ஆடியவர்களின் பழக்கம் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. கோச்சாக அதிக காலம் நிலைக்கும் வழி என்னைக் கேட்டால் இதுதான்: சம்பளம் ஒரு இடத்தில், கிரவுண்டு இன்னொரு இடத்தில். ஷிப்ட் வேலையில் இருக்கிறவர்கூட ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரங்களில் இதைச் செய்யலாம், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால்.

பயணம் என்றதும் ஒன்று. பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், பள்ளி முத்திரையோடு பட்டியல், பெண் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஒரு ஆசிரியை. போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. தனியாக ஒரு பிள்ளையை பைக்கில் ஏற்றிப் போவது, இரவில் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது, இரண்டும் வேண்டாம். இருபது வருடம் கட்டிய பெயர் ஒரே நாளில் போகும்.

காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ ஒரு வருடப் படிப்பு. இந்திய விளையாட்டு ஆணைய வேலைக்கெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு வருடம் முடியாதென்றால் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. ஆனால் ஆறு வாரத்தை டிப்ளமோவுக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹாக்கி இந்தியாவின் பயிற்சியாளர் படிநிலையில் பேசிக்கில் ஆரம்பித்து லெவல் ஒன்று, இரண்டு என்று ஏறலாம். எம்.பி.எட். வரை முடித்துவிட்டால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் உடற்கல்வி இயக்குநர் தேர்வுக்கும் கதவு திறந்திருக்கும்.

இனி யாரும் சொல்லித்தராத விஷயம், பி.எஃப். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் பள்ளி பி.எஃப். பிடித்துக் கட்ட வேண்டும். நேர்காணலிலேயே கேளுங்கள், வெட்கம் வேண்டாம். பள்ளி மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில், அதாவது பி.எஃப். அடையாள எண்ணில், புதுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பள்ளியில் மூன்று, நாலு, மூன்று வருடம் என்று வேலை பார்த்தாலும் மொத்தம் பத்து வருடச் சேவை சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். இடையில் ஐம்பதாயிரத்துக்கு ஆசைப்பட்டு எடுத்தவர்களுக்குக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். ஆசிரியர்களும் அதில் வருவார்கள் என்று 2009 திருத்தம் சொன்னது, 2022-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 நவம்பரில் அமலான புதிய தொழிலாளர் சட்டங்களில் குறித்த காலப் பணியாளர்களுக்கு ஒரு வருடத்திலேயே அந்த உரிமை உண்டு. எனவே, அந்த ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைத்து ‘சும்மா பதினோரு மாச அக்ரிமென்ட் சார்’ என்று சொன்னால், அந்தத் தாளைக் கையில் வாங்கித் தேதி, பதவிப் பெயர், சம்பளம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது விலகலாம்? சம்பளம் இரண்டு வருடமாக ஏறவில்லை, பயிற்சி நேரத்தில் தொடர்ந்து வேறு வேலை தருகிறார்கள், கிட் கேட்டால் அடுத்த வருடம் என்கிறார்கள், இதில் இரண்டு சேர்ந்தால் இடம் மாறத் தயங்காதீர்கள். கோபத்தில் அக்டோபரில் எழுதிக்கொடுக்க வேண்டாம். போட்டிகள் நடுவில் இருக்கும், பிள்ளைகள்தான் தவிப்பார்கள், உங்கள் பெயரும் வட்டாரத்து பி.டி. சார்கள் மத்தியில் கெடும். பரீட்சை முடிந்த ஏப்ரல்தான் தோதான மாதம். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் பள்ளி பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழில் ‘ஹாக்கிப் பயிற்சியாளர்’ என்றே போடச் சொல்லுங்கள், வெறும் ‘ஊழியர்’ உதவாது. அடுத்து வருகிறவருக்கு ஒரு நோட்டு: ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதி, எந்த வயதுப் பிரிவு, எந்த இடத்தில் ஆடுகிறான், யாருக்கு ஆஸ்துமா, எந்த வீட்டில் அப்பா நைட் ஷிப்ட் என்பதால் மாலை நாலு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். புது கோச் ஜூனில் வந்தால் சில வாரங்களில் குறுவட்டப் போட்டி வந்துவிடும், அதற்குள் இதையெல்லாம் அவராகக் கண்டுபிடிக்க முடியாது.