ஏரி என்ன பாவம் பண்ணிச்சு?

அன்பு நிலா,

புழல் ஏரிக்கரையில் நீ தோழிகளோடு நின்றபோது பைக்கில் வந்தவன் போனைத் தூக்கிப் பிடித்ததையும், மறுநாள் அந்தப் படம் கிண்டல் வரியோடு இன்ஸ்டாகிராமில் வந்ததையும் என் அக்கா, அதான் உன் அம்மா, சொன்னாள். இனி ஏரிப் பக்கமே போகக்கூடாது என்று உனக்குத் தடையாம். ஊருக்கே தண்ணி கொடுக்கிற ஏரி, அது என்ன பாவம் பண்ணிச்சு?

அக்காவை மட்டும் சொல்லிப் பயனில்லை. ராயபுரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி யாரோ அனுப்பியபோது, "எல்லாத்தையும் அழிச்சிட்டு சிம்மை மாத்து" என்று பெரிய மனுஷியாகச் சொன்னவள் நான்தான். அப்புறம் புகார் கொடுக்கப் போனால், காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

அதனால் நீ எதையும் அழிக்காதே. பதிவின் லிங்க், கணக்கின் பெயர், தேதி நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் முதலில் கையில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமுக்கு ரிப்போர்ட் அடிப்பது அதற்கப்புறம்.

ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கைப் பார். அந்தக் கும்பல் படமெடுத்து மிரட்டித்தான் பெண்களின் வாயை அடைத்து வைத்திருந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். அவர்கள் எடுத்த வீடியோக்களே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. நடுவில் ஒரு கொடுமை: புகார் கொடுத்தவளின் பெயர் அரசாணையிலேயே வெளிவந்தது. அதற்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

தெருவில் நிற்பவளைப் படமெடுப்பது மட்டுமே எல்லா நேரமும் குற்றமாகிவிடாது. ஆனால் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாக எடுத்தாலோ பரப்பினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இருக்கிறது. முதல் தடவைக்கே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை உள்ளே. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பெண்கள் புகார் கொடுக்கலாம்.

அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போகிறாயே, இதையும் கேள். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில், ஹேர் டிரையரைச் சொருகப் போனவளுக்குப் பிளக் உள்ளே போகவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே கேமரா. விடுதி நடத்தியவனே வைத்தது. குளியலறையில் காரணமில்லாமல் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் சந்தேகப்படு, வெட்கப்படாதே.

எவனாவது எதிரிலேயே எடுத்தால், ஆள் நடமாட்டம் உள்ள இடமென்றால் சத்தமாக "அழிங்க" என்று சொல். கேலரியில் அழித்தது குப்பைப் பகுதியில் பல நாள் கிடக்கும், அங்கேயும் அழிக்கச் சொல். தனியாக இருந்தால் சண்டைக்குப் போகாதே. வண்டி எண்ணைப் பார்த்து வைத்துக்கொள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வை, உட்கார்ந்து புகாரை எழுதிவிடுவோம். வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைக்குப் போகலாம். அக்காவையும் கிளப்பு.

அன்புடன்,
சித்தி